விஸ்டில் கோப்பை அடியிலிருந்து வாசிப்போம்: சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு நெறிமுறை) வகை வலைச்சேவைகளைப் பற்றிக் கேட்கும் சான்றிதழ்த் தேர்வுகளில் ஒரு மாதிரியான கேள்வி அடிக்கடி தலைகாட்டும். அரைப் பக்கத்துக்கு ஒரு எக்ஸ்எம்எல் துண்டைக் கொடுத்து, இந்தச் சேவையை அழைத்தால் அனுப்பப்படும் செய்தி கீழே உள்ளவற்றில் எது என்று கேட்பார்கள். நான்கு விடைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் ஒரு வெளி எலிமெண்ட் (டேக்கும் அதற்குள் இருப்பதும் சேர்ந்த அலகு) கூடுதலாக இருக்கும், இன்னொன்றில் நேம்ஸ்பேஸ் (பெயர்கள் மோதாமல் பிரித்துக்காட்டும் பெயர்வெளி) முன்னொட்டு விடுபட்டிருக்கும். ஜாவாவில் நன்றாக நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள்கூட இந்த இடத்தில் திணறிப்போகிறார்கள்.

அந்த எக்ஸ்எம்எல் துண்டுதான் வலைச்சேவை விவரிப்புக் கோப்பு. வெப் சர்வீசஸ் டிஸ்கிரிப்ஷன் லேங்குவேஜ் என்பது அதை எழுதும் மொழியின் முழுப்பெயர். எழுத்தெழுத்தாகச் சொன்னால் டபிள்யூஎஸ்டிஎல். வேலை இடத்தில் யாரும் அவ்வளவு நீட்டுவதில்லை, விஸ்டில் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஒரு சேவை எங்கே இருக்கிறது, அதனிடம் என்னென்ன கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், எந்த வடிவத்தில் பதில் வரும் என்ற நான்கையும் ஒரு நிரல் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதி வைத்த கோப்பு அது.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் சுங்கை சிப்புட். மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே, முதலில் பால்மரத்தையும் பிறகு செம்பனையையும் நம்பி வளர்ந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்து படிக்கும் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ இன்னும் தோட்டத்தில்தான் வேலை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, எஸ்பிஎம் (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) முடித்து, பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கி, பினாங்கிலோ சைபர்ஜெயாவிலோ மென்பொருள் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள் இவர்கள். பட்டம் இல்லாத குறையைச் சான்றிதழ் ஓரளவு ஈடுகட்டும் என்று, இருக்கிற சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தேர்வுக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்தக் காசு வீணாகக் கூடாது.

புதிய சேவைகள் இப்போது பெரும்பாலும் ரெஸ்ட் (எச்டிடிபியை நேரடியாகப் பயன்படுத்தும் எளிய முறை) வழியில் வருகின்றன என்பது உண்மைதான். 2024 ஆகஸ்ட் 1-இல் நம் உள்நாட்டு வருமான வரி வாரியம் தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறையின் இணைப்பும் அப்படித்தான். ஆனால் வங்கி, காப்புறுதி, விமானப் பயணச்சீட்டு போன்ற துறைகளில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் அமைப்புகள் சோப் பேசுகின்றன. அமேடியஸ், சேபர் போன்ற முன்பதிவு அமைப்புகளில் இன்றும் சோப் சேவைகள் உண்டு. புதிதாக வேலையில் சேரும் ஆளின் கையில் வந்து சேர்வது பெரும்பாலும் இந்தப் பழைய அமைப்புகளின் இணைப்பு வேலைதான். ஆகவே தேர்வுக்காகப் படித்தாலும் இது வேலைக்கும் உதவும் படிப்பு.

எங்கிருந்து வந்தது

2000-ஆம் ஆண்டில் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் இரண்டிடமும் சேவைகளை விவரிக்கத் தனித்தனி மொழிகள் இருந்தன. இரண்டையும் இணைத்து, அரிபா நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, ஒரே மொழியாகக் கொண்டுவந்தார்கள். 2001 மார்ச் 15 அன்று அதன் 1.1 பதிப்பை வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்டது. எழுதிய நால்வரில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த சஞ்சீவ வீரவரண.

அந்த 1.1 வெறும் குறிப்பாகத்தான் வெளியானது. டபிள்யூ3சியின் முழு அங்கீகாரம் பெற்ற பரிந்துரை என்ற தகுதி அதற்குக் கிடைக்கவே இல்லை. உலகம் முழுவதும் அதைத்தான் பயன்படுத்தியது, ஆனால் பல இடங்களில் விதி தெளிவில்லாமல் இருந்ததால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி பொருள் கொண்டது. ஒருவர் கருவி உருவாக்கிய கோப்பை இன்னொருவர் கருவியால் படிக்க முடியாமல் போனது. அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் டபிள்யூஎஸ்-ஐ என்ற அமைப்பு பேசிக் ப்ரொஃபைல் என்னும் கட்டுப்பாட்டுத் தொகுப்பை 2004-இல் கொண்டுவந்தது. தேர்வுக் கேள்விகளில் பாதிக்கு இந்த வரலாறுதான் அடிப்படை. 1.1 அனுமதிப்பது எது, ப்ரொஃபைல் தடுப்பது எது என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பல கேள்விகள் சுலபமாகிவிடும்.

யார் வைத்த பெயர்?

"அக்கா, இதுல எது அவங்க வச்ச பேரு, எது நாம வைக்கிற பேரு?" என்று ஒரு தம்பி கேட்டான். மிக நல்ல கேள்வி. மாதிரிக் கோப்புகள் எல்லாமே ஆங்கிலத்தில் இருப்பதால் மொழியின் சொந்தச் சொற்களும் கோப்பை எழுதியவர் வைத்த பெயர்களும் கலந்துபோகின்றன. போர்ட் என்ற டேக்குக்குள் ஏதோ போர்ட் என்று பெயர், பைண்டிங் டேக்குக்குள் ஏதோ பைண்டிங் என்று பெயர். புதிதாகப் பார்க்கிறவருக்குத் தலை சுற்றும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்எம்எல் பெயர்களில் தமிழ் எழுத்து வரலாம். 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 வந்தபோதே அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். விஸ்டில் கோப்பில் நாம் வைக்கும் பெயர்களுக்கும் அதே விதிதான். ஆகவே பயிற்சிக் கோப்பை எழுதும்போது நம் பெயர்களை எல்லாம் தமிழில் வைத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் மிஞ்சி நிற்பவை எல்லாம் மொழியின் சொந்தச் சொற்கள். வேலையில் இப்படிச் செய்ய வேண்டாம், எல்லாக் கருவியும் இதைப் பார்த்துப் பழகியிருக்காது. படிப்பதற்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை.

நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். செம்பனை ஆலைக்கு லோரி வந்தால் முதலில் குலைகளோடு எடைமேடையில் ஏறும். இறக்கிய பிறகு காலி லோரியாக மறுபடி ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நிகர எடை. சிறு தோட்டக்காரருக்கு அந்த எடைக்குத்தான் பணம். ஆலை இதற்கு ஒரு வலைச்சேவை வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சீட்டு எண்ணை அனுப்பினால் நிகர எடை திரும்பி வரும்.

கோப்பில் நம் பெயர்கள் இவை: செயலுக்கு எடைகேள். செயல்களைத் தொகுக்கும் இடத்துக்கு எடைமேடை. அதைச் சோப்பில் அனுப்பும் முறைக்கு எடைமேடைசோப். முகவரி இருக்கும் இடத்துக்கு ஆலைவாசல். எல்லாவற்றையும் உள்ளடக்கிய சேவைக்கு ஆலைச்சேவை.

புத்தகங்கள் கோப்பை மேலிருந்து விளக்கும். வெளியே டெஃபினிஷன்ஸ், உள்ளே டைப்ஸ், பிறகு மெசேஜ், போர்ட்டைப், பைண்டிங், கடைசியில் சர்வீஸ். கோப்பு எழுதப்படும் வரிசை அதுதான். ஆனால் வாசிக்கும்போது அது தொல்லை. டைப்ஸ் பகுதியில் இருபது முப்பது தரவு வகைகள் வரிசையாக நிற்கும், எது எதற்கு என்று தெரியாமலே படித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். அடியிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடியில் சர்வீஸ். பெயர் ஆலைச்சேவை. அதற்குள் ஒரு போர்ட், பெயர் ஆலைவாசல். போர்ட்டுக்குள் சோப் அட்ரஸ் என்ற டேக், அதில் சேவையின் வலை முகவரி. போர்ட் டேக்கிலேயே பைண்டிங் என்று ஒரு பண்பு (ஆட்ரிபியூட்) இருக்கும். அதன் மதிப்பு எடைமேடைசோப். சரி, மேலே போய் அந்தப் பெயர் கொண்ட பைண்டிங் டேக்கைத் தேடுங்கள். அங்கே டைப் என்று ஒரு பண்பு இருக்கும், மதிப்பு எடைமேடை. இங்கே நின்று கவனிக்க வேண்டும். டைப் என்றதும் ஏதோ தரவு வகை என்று நினைத்துவிடுகிறோம். பைண்டிங்கில் வரும் டைப் எப்போதும் போர்ட்டைப்பைத்தான் காட்டும். தேர்வில் இதை வைத்தே கேள்வி கேட்பார்கள்.

எடைமேடை என்ற போர்ட்டைப்புக்குப் போனால் அங்கே எடைகேள் என்ற ஆபரேஷன். அதற்குள் இன்புட் ஒன்று, அவுட்புட் ஒன்று. ஒவ்வொன்றிலும் மெசேஜ் என்ற பண்பு, அது ஒரு மெசேஜ் டேக்கின் பெயரைச் சொல்லும். அந்த மெசேஜுக்குள் பார்ட். பார்ட்டில் எலிமெண்ட் என்ற பண்பு இருக்கலாம், அல்லது டைப் என்ற பண்பு இருக்கலாம். எலிமெண்ட் இருந்தால் டைப்ஸ் பகுதியில் அறிவித்த ஒரு எலிமெண்ட்டைக் காட்டுகிறது. டைப் இருந்தால் ஒரு தரவு வகையைக் காட்டுகிறது. இந்த இடத்தில்தான் டைப் என்பது உண்மையிலேயே தரவு வகை. அப்புறம்தான் டைப்ஸ் பகுதிக்குப் போக வேண்டும். போகும்போது எந்த எலிமெண்ட்டைத் தேடிப் போகிறோம் என்பது கையில் இருக்கும், மற்றதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

இந்த ஏற்றத்தில் பைண்டிங்கைத் தாண்டியதும் கோப்பின் இயல்பே மாறுவதைப் பார்க்கலாம். டைப்ஸ், மெசேஜ், போர்ட்டைப் மூன்றிலும் சோப் என்ற பேச்சே இருக்காது, எச்டிடிபியும் வராது, முகவரியும் வராது. என்ன கேட்கலாம், என்ன கிடைக்கும் என்பது மட்டும்தான். பைண்டிங்கும் சர்வீஸும்தான் எப்படி, எங்கே என்பதைச் சொல்லும். ஒரே போர்ட்டைப்புக்கு இரண்டு பைண்டிங் எழுதலாம், ஒரே பைண்டிங்குக்கு இரண்டு முகவரி கொடுக்கலாம். ஆலை தன் சேவையகத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் கோப்பில் மாறுவது போர்ட்டுக்குள் இருக்கும் ஒரு வரிதான்.

செய்தியின் வடிவம்

இனி முதலில் சொன்ன கேள்வி. எந்தச் செய்தி அனுப்பப்படும்? விடை பைண்டிங்கில் இரண்டு பண்புகளில் இருக்கிறது. ஸ்டைல் ஒன்று, அதன் மதிப்பு டாக்குமெண்ட் அல்லது ஆர்பிசி (தொலைவிலிருந்து ஒரு செயலை அழைக்கும் பாணி). யூஸ் இன்னொன்று, அதன் மதிப்பு லிட்டரல் அல்லது என்கோடட். ஸ்டைல் எழுதாமல் விட்டிருந்தால் டாக்குமெண்ட் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்கோடட் ஏன் வந்தது என்று தெரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. சோப் 1.1 வெளியானது 2000 மே மாதம். எக்ஸ்எம்எல் தரவின் அமைப்பை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமா பரிந்துரையானது 2001 மே மாதம்தான். இடைப்பட்ட காலத்தில், ஒரு நிரலின் தரவை எக்ஸ்எம்எல்லாக எப்படி மாற்றுவது என்பதற்குச் சோப்பே தன் விதிகளை வகுத்துக்கொண்டது. ஒவ்வொரு மதிப்போடும் அதன் வகையையும் சேர்த்து அனுப்பும் முறை அது. ஸ்கீமா வந்த பிறகு அதன் தேவை குறைந்தது, ஒவ்வொரு கருவியும் அதை ஒவ்வொரு விதமாகச் செய்ததால் தொல்லையும் கூடியது. பேசிக் ப்ரொஃபைல் அதை அடியோடு தடை செய்தது. லிட்டரல் மட்டும்தான் செல்லும்.

மிஞ்சியவை இரண்டு, டாக்குமெண்ட் லிட்டரலும் ஆர்பிசி லிட்டரலும். இங்கேதான் நான்கு விடைகளும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

ஆர்பிசியில் பார்ட்கள் டைப் பண்போடு இருக்கும். செய்தியின் உடலில் ஆபரேஷன் பெயரிலேயே ஒரு வெளி எலிமெண்ட் தானாக உருவாகும், ஒவ்வொரு பார்ட்டும் அதற்குள் தன் பெயரில் ஒரு எலிமெண்ட்டாகப் போகும்:

<ஆ:எடைகேள்>
<சீட்டுஎண்>20417</சீட்டுஎண்>
</ஆ:எடைகேள்>

ஆ என்பது நம் நேம்ஸ்பேஸுக்கு வைத்த முன்னொட்டு. வெளியே இருக்கும் எலிமெண்ட்டுக்கு முன்னொட்டு இருக்கிறது, உள்ளே இருக்கும் சீட்டுஎண்ணுக்கு இல்லை. ப்ரொஃபைலின் விதிப்படி ஆர்பிசி லிட்டரலில் பார்ட்டுக்குரிய எலிமெண்ட் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராது. பதில் வரும்போது வெளி எலிமெண்ட்டின் பெயர் ஆபரேஷன் பெயரோடு ரெஸ்பான்ஸ் என்ற சொல் ஒட்டியதாக இருக்கும்.

டாக்குமெண்ட்டில் பார்ட் எலிமெண்ட் பண்போடு இருக்கும். செய்தியின் உடலில் அந்த எலிமெண்ட் அப்படியே போகும், தானாக எதுவும் உருவாகாது. பார்ட் காட்டும் எலிமெண்ட்டுக்கு எடைவினா என்று நாம் பெயர் வைத்திருந்தால், செய்தியில் எடைவினாதான் இருக்கும். எடைகேள் என்ற ஆபரேஷன் பெயர் செய்தியில் எங்குமே வராது. நன்மை என்னவென்றால், உடலில் இருப்பது முழுவதையும் ஸ்கீமாவை வைத்துச் சரிபார்த்துவிடலாம். குறை என்னவென்றால், வாங்குகிறவருக்கு எந்தச் செயல் என்று செய்தியைப் பார்த்த உடனே தெரியாமல் போகலாம்.

அந்தக் குறையைத் தீர்க்க ஒரு பழக்கம் வந்தது. எலிமெண்ட்டுக்கு ஆபரேஷனின் பெயரையே வைத்துவிடுவது. அதற்குள் ஒவ்வொரு உள்ளீட்டையும் பிள்ளை எலிமெண்ட்டாக வைப்பது. அதுதான் ராப்டு என்று சொல்லும் முறை:

<ஆ:எடைகேள்>
<ஆ:சீட்டுஎண்>20417</ஆ:சீட்டுஎண்>
</ஆ:எடைகேள்>

மேலே உள்ள ஆர்பிசி செய்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் முன்னொட்டு ஒன்றுதான் வித்தியாசம், அதுவும் எப்போதும் இருக்காது. ஸ்கீமாவில் எலிமெண்ட்ஃபார்ம்டிஃபால்ட் என்ற பண்புக்குக் குவாலிஃபைடு என்று எழுதியிருந்தால்தான் உள் எலிமெண்ட்டுகளுக்கு நேம்ஸ்பேஸ் சேரும். எழுதாமல் விட்டால் அன்குவாலிஃபைடு என்று பொருள்; அப்போது ராப்டு செய்தியும் ஆர்பிசி செய்தியும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஆகவே செய்தியை மட்டும் பார்த்து ஸ்டைலைச் சொல்லிவிட முடியாது. கோப்பில் பார்ட் எந்தப் பண்போடு இருக்கிறது, ஸ்கீமாவின் தலையில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்த பிறகே விடையைத் தொட வேண்டும். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் பலர் விட்டுவிடும் இடம் இது.

ராப்டு என்ற சொல் கோப்பில் எங்கும் எழுதப்பட்டிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விஸ்டில் 1.1-இல் அப்படி ஒரு மதிப்பே கிடையாது. மைக்ரோசாஃப்ட் கருவிகளிலிருந்து பரவிய பழக்கம் அது. பிறகு ஜாவாவில் வலைச்சேவைகளுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் விதிகளும் அதை ஏற்று, தன் இயல்பு முறையாகவே வைத்துக்கொண்டன. உள்ளீட்டு மெசேஜில் ஒரே பார்ட், அது எலிமெண்ட் பண்போடு, அந்த எலிமெண்ட்டின் பெயர் ஆபரேஷன் பெயரோடு ஒத்திருப்பது, அந்த எலிமெண்ட்டுக்குப் பண்பு எதுவும் இல்லாதது என்ற அடையாளங்களை வைத்துத்தான் கருவிகள் அதைக் கண்டுபிடிக்கின்றன. பண்பில் ராப்டு என்று மதிப்புக் கொடுத்திருக்கும் விடையைத் தேர்வில் பார்த்தால் தயங்காமல் தள்ளிவிடலாம்.

ஆபரேஷன் வகைகளும் பிழையும்

இது எளிது. இன்புட் மட்டும் இருந்தால் ஒருவழி. இன்புட் முதலில், அவுட்புட் அடுத்து என்றால் கேள்வி-பதில். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் சேவையே முதலில் கேட்கும் வகை. அவுட்புட் மட்டும் என்றால் அறிவிப்பு வகை. கடைசி இரண்டையும் 1.1 பெயரளவில் அனுமதித்தது, சோப்பில் எப்படி அனுப்புவது என்று சொல்லவில்லை. ப்ரொஃபைல் அவற்றைத் தடை செய்துவிட்டது.

எடைமேடைக்கே ஒரு பிழை உதாரணம் உண்டு. காலி லோரி இன்னும் மேடை ஏறவில்லை என்றால் நிகர எடை கணக்கிட முடியாது. அதற்கு எடைமுடியவில்லை என்று ஒரு ஃபால்ட்டை ஆபரேஷனுக்குள் எழுதி வைப்போம். ஃபால்ட் காட்டும் மெசேஜில் ஒரே ஒரு பார்ட்தான் இருக்கலாம். ஸ்டைல் ஆர்பிசி ஆனாலும் அது எலிமெண்ட் பண்போடுதான் இருக்க வேண்டும். ஜாவாவில் இது ஒரு எக்ஸெப்ஷனாக மாறும். எச்டிடிபி அளவில் பதில் எண் 500. ஒருவழி ஆபரேஷனுக்கு ஃபால்ட் எழுத முடியாது, பதிலே இல்லாத இடத்தில் பிழையைத் திருப்பி அனுப்ப வழியில்லை.

ப்ரொஃபைலின் மற்ற தடைகளில் தேர்வுக்கு முக்கியமானவை சில. ஒரு போர்ட்டைப்புக்குள் ஒரே பெயரில் இரண்டு ஆபரேஷன் கூடாது. ஜாவாவில் ஓவர்லோடிங் (ஒரே பெயரில் பல செயல்களை எழுதுவது) பழகியவர்கள் இதில் ஏமாறுவார்கள். ஒரு பைண்டிங்குக்குள் எல்லா ஆபரேஷனும் ஒரே ஸ்டைலில் இருக்க வேண்டும், கலக்கக் கூடாது. டாக்குமெண்ட் லிட்டரலில் உடலுக்கு ஒரு பார்ட்டுக்கு மேல் கூடாது. விஸ்டில் இம்போர்ட்டைக் கொண்டு இன்னொரு விஸ்டில் கோப்பைத்தான் இழுக்கலாம். ஸ்கீமாவை இழுக்க, டைப்ஸ் பகுதியில் ஸ்கீமாவுக்குள்ளேயே அதன் சொந்த இம்போர்ட் வேண்டும். இந்தப் ப்ரொஃபைலின் 1.1 பதிப்பு 2008-இல் ஐஎஸ்ஓ 29361 என்ற எண்ணில் சர்வதேசத் தரமாகவும் ஆனது.

விஸ்டில் 2.0 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007 ஜூன் 26-இல் டபிள்யூ3சியின் முழுப் பரிந்துரையாக வந்தது. டெஃபினிஷன்ஸ் டிஸ்கிரிப்ஷன் ஆனது, போர்ட்டைப் இன்டர்ஃபேஸ் ஆனது, போர்ட் எண்ட்பாயிண்ட் ஆனது, மெசேஜ் டேக் எடுக்கப்பட்டது. விதிகள் நன்றாகவே இருந்தாலும் கருவிகள் அதன் பின்னால் போகவில்லை. வேலையில் நீங்கள் சந்திக்கப்போவது 1.1-தான்.

கருவியும் பயிற்சியும்

ஜாவாவில் விஸ்டில் கோப்பிலிருந்து நிரலை உருவாக்கும் கருவி டபிள்யூஎஸ்இம்போர்ட். ஜாவா 6-இலிருந்து அது ஜேடிகே என்னும் ஜாவா மேம்பாட்டுத் தொகுப்போடு சேர்ந்தே வந்தது. 2018-இல் வந்த ஜாவா 11-இல் நீக்கிவிட்டார்கள். பழைய பாடநூலைப் பார்த்துப் புதிய ஜேடிகேயில் கட்டளையைத் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்றுதான் வரும். உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை, அந்தக் கருவியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். புதிய பதிப்புகளில் பேக்கேஜ் பெயரும் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாறியிருக்கிறது.

வாடிக்கையாளர் உறவு மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸ் வழியில் போகிறவர்களுக்கு இரண்டு விஸ்டில் கோப்புகளைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். எண்டர்பிரைஸ் கோப்பு ஒரே நிறுவனத்தின் அமைப்புக்காக உருவாக்கப்படுவது. அதில் அந்த நிறுவனம் சேர்த்த புலங்கள் எல்லாம் பெயரோடும் வகையோடும் இருக்கும். புதிய புலம் சேர்த்தால் கோப்பை மறுபடி எடுக்க வேண்டும். பார்ட்னர் கோப்பு எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். அதில் எல்லாப் பொருளும் எஸ்ஆப்ஜெக்ட் என்ற ஒரே பொதுவகை, வகையைச் சரிபார்க்கும் பொறுப்பு நிரல் எழுதுகிறவருக்கு. பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே மென்பொருளை விற்கும் நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று கேட்டால் பார்ட்னர்தான் விடை. இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து வரும் விஸ்டில் கோப்பைச் சேல்ஸ்ஃபோர்ஸின் சொந்த மொழியான ஏபெக்ஸில் நிரலாக மாற்றும் கருவி டாக்குமெண்ட் லிட்டரல் ராப்டு வகையை மட்டும்தான் ஏற்கும். மேலே ராப்டுக்கு அவ்வளவு இடம் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சிக்கு ஒரு நிஜக் கோப்பு வேண்டும் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வயஸ் சேவையின் கோப்பை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஐரோப்பிய நிறுவனங்களின் மதிப்புக் கூட்டு வரி எண் செல்லுமா என்று சரிபார்க்கும் சேவை அது. கோப்பு யாருக்கும் திறந்தே இருக்கிறது. சிறியது, ஒரே உட்காரலில் முழுவதையும் படித்துவிடலாம். சோப்யூஐ என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் மாதிரிச் செய்தியையும் தானே எழுதித் தரும். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்னால் கோப்பை அடியிலிருந்து ஏறி, செய்தி எப்படி இருக்கும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். பிறகு கருவி தருவதோடு ஒப்பிடுங்கள். முன்னொட்டு முதற்கொண்டு ஒத்துவரும்வரை செய்தால் தேர்வுக் கேள்விக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அந்தக் கோப்பில் செக்வாட் என்ற ஆபரேஷனைத் தேடுங்கள். அனுப்புவது இரண்டு: நாட்டுக் குறியீடு, வரி எண். திரும்பி வருவதில் அவற்றோடு விசாரித்த தேதி, எண் செல்லுமா இல்லையா என்ற பூலியன் (ஆம்/இல்லை) மதிப்பு, நிறுவனத்தின் பெயர், முகவரி. கடைசி இரண்டைக் கூர்ந்து பாருங்கள். மின்ஆக்கர்ஸ் 0 என்றும் இருக்கும், நில்லபிள் ட்ரூ என்றும் இருக்கும். முதலாவதற்கு அந்த எலிமெண்ட் செய்தியில் வராமலே போகலாம் என்று பொருள். இரண்டாவதற்கு, எலிமெண்ட் வரலாம், ஆனால் மதிப்பு இல்லை என்று அறிவித்துக்கொண்டு வரலாம் என்று பொருள். எழுதாமல் விட்டால் மின்ஆக்கர்ஸ் 1, நில்லபிள் ஃபால்ஸ்.

இரண்டும் சேர்ந்து வரும்போது பெயர் மூன்று நிலைகளில் ஒன்றாக இருக்கலாம்: எலிமெண்ட் இல்லை, எலிமெண்ட் இருக்கிறது ஆனால் மதிப்பு இல்லை (‘நில்’), எலிமெண்ட்டும் மதிப்பும் இருக்கின்றன. ஜாவாவின் சாதாரண ஸ்ட்ரிங்கால் முதல் இரண்டையும் பிரித்துக் காட்ட முடியாது, இரண்டுமே ‘நல்’, அதாவது மதிப்பே இல்லாத நிலை, ஆகிவிடும். அதனால்தான் டபிள்யூஎஸ்இம்போர்ட் அந்தப் புலத்துக்கு ஸ்ட்ரிங் தராமல், ஸ்ட்ரிங்கைச் சுற்றிய ஜாக்ஸ்பிஎலிமெண்ட் தருகிறது. அதிலிருந்து பெயரை எடுக்க முதலில் அந்தப் பொருளே ‘நல்’-தானா என்று பார்த்து, பிறகு கெட்வேல்யூ அழைத்து, கிடைத்ததும் ‘நல்’-தானா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். உருவான நிரலில் இந்த வகையைப் பார்த்துக் குழம்பினால், கோப்பில் அந்தப் புலத்துக்கு எதிரே இந்த இரண்டு பண்புகளும் ஒன்றாக நிற்கின்றனவா என்று போய்ப் பாருங்கள்.